துப்பாக்கி எனக்கு, அச்சு அவனுக்கு

ஆர்டனை விவாகரத்து செய்து நாலு வருஷம் ஆகிறது. அவன் வார்க்கிற ஈயக் குண்டுகளை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

தப்பு அந்த நீதிபதியுடையது. சாமான்களைப் பிரித்த பட்டியலில் 'பழைய துப்பாக்கி ஒன்று, மனைவிக்கு' என்று ஒரு வரி. கொஞ்சம் தள்ளி, 'நிலவறைப் பட்டறைச் சாமான்கள் மொத்தமும், கணவனுக்கு' என்று இன்னொரு வரி. என் அப்பாவின் ஸ்டீவன்ஸ் துப்பாக்கியோடு கூடவே வந்த குண்டு அச்சு அந்தப் பட்டறைப் பெட்டியில்தான் கிடந்தது. இந்த மாதிரித் துப்பாக்கியையும் அதன் அச்சையும் பிரிப்பது ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகக் கொடுப்பது மாதிரி. நீதிபதிக்கு அது தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

நூறு வயதைத் தாண்டிய துப்பாக்கி அது. குழலின் உள்வாய் கால் அங்குலம். ஒரு தடவைக்கு ஒரே குண்டு. சுட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதன் அச்சில் வார்த்த குண்டைப் போட்டால் இருநூறு கஜத்தில் காப்பிக் கோப்பைக்குள் விழும். வேறு அச்சில் வார்த்ததைப் போட்டால் எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது. கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் இப்படித்தான் சொல்லி வந்தேன். அளவு கொடுத்தால் புது அச்சு செய்து தருகிறவர்கள் ஓஹையோவில் இருக்கிறார்கள் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

ஆகவே ஒவ்வொரு செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், எங்கள் விஸ்கான்சின் துப்பாக்கி கிளப்பில் அந்த வருஷத்து ராஜா யார் என்று சுட்டுத் தீர்மானிக்கும் போட்டிக்கு, ஆர்டன் ஒரு காப்பி டப்பாவோடு வருவான். டப்பாவில் பஞ்சு. பஞ்சில் நூறு குண்டுகள். வருவான், என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வெடிமருந்து நிரப்பித் தருவான், சாஸேஜ் தின்பான், போவான். முதல் வருஷம் கிளப்பே எங்களை வேடிக்கை பார்த்தது. மூன்றாம் வருஷம் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, வெண்டலைத் தவிர. வெண்டல்தான் மைதானத்துக்குப் பொறுப்பாளர். அவர் கையில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அது இல்லாமலேயே அவர் குரல் ஏரிக்கரை வரை கேட்கும்.

இந்த வருஷமும் அதில்தான் வரவேற்றார். "என்ன லவோன், மாஜி வந்தாச்சா? அப்ப போட்டிய ஆரம்பிச்சிடலாம்!"

"உங்க வாய்க்கு ஒரு அச்சு செய்யணும் வெண்டல், ஈயத்தை ஊத்தி அடைக்க," என்றேன். பெண்கள் சாப்பாட்டு மேஜையிலிருந்து சிரிப்பு வந்தது.

நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இரும்புத்தாது ஏற்றிப் போகும் ஏரிக் கப்பலில் ஒன்பது மாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான். எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்கு முன்னால் மூளை நிற்காது. "போனா அப்படியே போயிடு, திரும்பி வராதே" என்று கத்தினேன். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷனிடம் குப்பையை வெளியே வை, கூரையைப் பார், பல் டாக்டரிடம் போ என்று ஆயிரம் சொல்லியிருப்பேன். ஒன்றைக் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டான். ஜனவரியில் கப்பலை விட்டு இறங்கியவன் நேரே டவுனில் இரும்புக்கடை மாடியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டான். நான் ஒரு வாரம் மேஜையில் இரண்டு தட்டு வைத்துப் பார்த்தேன். பிறகு வக்கீலுக்கு ஃபோன் செய்தேன்.

இந்த வருஷம் காப்பி டப்பாவோடு ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையும் கொண்டுவந்திருந்தான். ஒற்றைக் காலுறை. உள்ளே ஏதோ கனமாக இருந்தது. மேஜையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"என்னது இது?"

"அச்சு."

"அச்சுன்னா?"

"உங்கப்பாவோட அச்சுதான். இனி உன்கிட்டயே இருக்கட்டும். செவ்வாக்கிழமை கிளம்பறேன்."

"எங்க?"

"அரிசோனா. ஃபெர்ன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா." ஃபெர்ன் அவனுடைய அக்கா. "முழங்கால் போச்சு, லவோன். அந்த மாடிப்படி ஏற முடியல. அங்க பனியே கிடையாதாம்."

"பனி இல்லாத ஊர்ல நீ எதைப் பத்திப் புலம்புவே?"

"வெயிலைப் பத்தி."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காலுறையைப் பிடித்துப் பார்த்தேன். அச்சின் கைப்பிடி கம்பளிக்கு உள்ளே கல் மாதிரி இருந்தது. அச்சு என்னிடம் வந்துவிட்டால் இவன் வருவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. நாலு வருஷமாக இந்த இரும்புத் துண்டுதான் எங்களைக் கட்டிப்போட்டிருந்தது என்று அன்றைக்குத்தான் நேருக்கு நேராக ஒப்புக்கொண்டேன்.

அவன் பாட்டுக்கு எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "அச்சு நல்லா சூடேறணும். முதல் இருபது குண்டைத் தூக்கி சட்டியிலயே போட்டுடு. இருபத்தஞ்சு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். குண்டோட அடிப்பக்கம் மொழுக்குனு, விளிம்பு கூர்மையா இருக்கணும். கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் வேண்டாம்."

"சரி," என்றேன்.

"அவசரப்படாதே."

"சரி."

பதினொரு வயதிலிருந்து அந்த அச்சில் நான் குண்டு வார்த்திருக்கிறேன். கல்யாணமான இரண்டாவது வருஷம் இவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். முதல் நாளே ஈயத்தைச் சிந்தி மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டான். தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தான். நான் புதுசாகக் கேட்கிறவள் மாதிரி தலையாட்டினேன். 'போகாதே' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. கத்துவதற்கு மட்டும் முந்திக்கொண்டு வருகிற என் வாய், அப்போது பூட்டிக்கொண்டது.

வெண்டல் மணி அடித்தார். போட்டி ஆரம்பித்தது.

நின்றபடி பத்து முறை சுட வேண்டும். நடு வளையத்துக்கு இருபத்தைந்து புள்ளி. பத்து தோட்டாக்களை வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்து சுடுவது எங்கள் கூட்டத்தில் கிடையாது. போட்டி முழுக்க ஒரே ஒரு பித்தளைத் தோட்டாக் கூடுதான். முதலில் குண்டை மட்டும் ஒரு சின்ன நெம்புகோலால் குழலுக்குள் பின்பக்கமாக அமுக்கி உட்கார வைக்க வேண்டும். கூட்டின் அடியில் பொறி கிளப்பும் பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்து கொட்டி, மேலே மெல்லிய அட்டை ஒன்றை வைத்து, அந்தக் கூட்டைக் குண்டுக்குப் பின்னால் செருகி மூட வேண்டும். கூட்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும்; ஒவ்வொரு தடவையும் அது மேலே பார்த்துத்தான் போக வேண்டும். சுட்டதும் அதே கூட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு இதில் அலுப்பே கிடையாது. அலுப்பு வருகிறவர்கள் கோல்ஃப் ஆடப் போகலாம்.

கூடு ஆர்டனின் பொறுப்பு. குண்டை உட்கார வைப்பது நான். அதை நான் யாரையும் தொட விடமாட்டேன். ஒரு மரக்கட்டையில் வரிசைக்குப் பத்தாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டு மூக்கை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். எடுக்க எடுக்கத் துளை காலியாகும்.

ஆறு சுட்டேன். இருபத்துநாலு, இருபத்துமூன்று, இருபத்தைந்து, மறுபடி இரண்டு இருபத்துநாலு, கடைசியில் இருபத்துமூன்று. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே ஆர்டன், "காத்து இடப்பக்கத்துலேருந்து வருது. நீயும் இடப்பக்கம் சாயறே. ரெண்டும் சேர்ந்து உன்னைக் காப்பாத்துது," என்றான்.

"நான் சாயல. நிலம் சாய்ஞ்சிருக்கு."

"முப்பது வருஷமா உனக்குக் கீழ நிலம்தான் சாய்ஞ்சிருக்கு."

ஏழாவது குண்டைக் குழலில் அமுக்கிவிட்டு, கூட்டுக்காகக் கையை நீட்டினேன். அந்த நேரம் ஒலிபெருக்கி அலறியது. "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! துப்பாக்கியத் திறந்து வெச்சுட்டுக் கோட்டுக்குப் பின்னால வாங்க! விருந்தாளிங்க வந்திருக்காங்க!"

மைதானத்தின் குறுக்கே, இலக்குகளுக்கு முன்னால், பதினொரு காட்டு வான்கோழிகள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன. அவை அவசரப்படுகிற ஜாதி இல்லை. நடு மைதானத்தில் நின்று புல்லைக் கிளறின. முன்னால் போனது திரும்பி வந்து பின்னால் வந்ததைக் கொத்திவிட்டுப் போனது. வெண்டல் ஒலிபெருக்கியில் அவற்றைக் கெஞ்சினார், பிறகு திட்டினார். நாங்கள் துப்பாக்கியைச் சட்டத்தில் சாய்த்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் காப்பியோடு நின்றோம்.

"ஈயச் சட்டியை வெண்டல்கிட்ட குடுத்துட்டேன்," என்றான் ஆர்டன். "ரூமைக் காலி பண்ணியாகணும் பாரு. உனக்கு வேணும்னா அவர்கிட்ட கேட்டு வாங்கிக்க."

"ம்."

"அப்புறம், கீழ ஜன்னல்ல நான் மாட்டின புகை விசிறி. அதைக் கழட்டிட்டு ஜன்னலை மூடிடு. குளிர்காலத்துல அது வழியா காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"எப்பவோ கழட்டியாச்சு," என்றேன்.

பொய். ஈயப் புகை போவதற்காக அவன் நிலவறை ஜன்னலில் மாட்டிய விசிறி அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் அவனுடைய பழைய வேட்டைக் கோட்டை அதில் திணித்து அடைக்கிறேன். ஏப்ரலில் எடுத்து உதறி, ஆணியில் மாட்டுகிறேன். கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு இரண்டு தடவை கீழே போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வேறு வேலை ஞாபகம் வந்து மேலே வந்துவிட்டேன்.

"நல்லதுதான்," என்றான் அவன். முகம் கொஞ்சம் விழுந்த மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

வான்கோழிகள் ஒருவழியாகக் காட்டுக்குள் போயின. மணி அடித்தது. மேஜைக்குத் திரும்பினோம். ஆர்டன் தலையைக் குனிந்து கூட்டுக்கு மருந்து அளந்தான். நான் கட்டையிலிருந்து குண்டை எடுத்து, குழலின் பின்வாயில் வைத்து, நெம்புகோலை அமுக்கினேன். வழக்கத்தைவிடக் கடினமாகப் போனது. நின்ற நேரத்தில் குழலில் படிந்த கரி இறுகியிருக்கும் என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினேன். உண்மையில் நான் துப்பாக்கியைப் பற்றி எதையும் நினைக்கவில்லை. அவனுடைய வேட்டைக் கோட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டைச் செருகினேன். மூடினேன். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பொருத்தி, மூச்சைப் பாதி விட்டு, விரலை விசையில் வைத்தேன். எங்கள் துப்பாக்கிகளின் விசைக்குக் காற்றுப் பட்டாலே போதும்.

"வோனி! நிறுத்து!"

விரலை எடுத்துவிட்டேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, பின்வாயைத் திறந்து கூட்டை உருவி மேஜையில் வைத்தேன். அதன் பிறகுதான் திரும்பினேன். நாலு வருஷமாக அவன் என்னை லவோன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வோனி என்பது வீட்டுக்குள் இருந்த பெயர்.

"என்ன?"

அவன் மரக்கட்டையைக் காட்டினான். "ஆறு சுட்டிருக்கே. துப்பாக்கியில ஒண்ணு. ஏழு துளைதான் காலியா இருக்கணும். எட்டு காலியா இருக்கு."

நான் எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். வான்கோழிகள் வருவதற்கு முன்னால் நான் அமுக்கிய குண்டு குழலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. குண்டே வைக்காமல் சுட்டுவிட்டு எல்லோரும் ஒரு தடவையாவது முழிப்பது உண்டு. மருந்து போட மறந்து அசடு வழிந்தவர்களும் உண்டு. குழலில் குண்டு இருக்கும்போதே இன்னொன்றை ஏற்றுவது வேறு. குழல் வீங்கலாம், வெடித்துப் பிளக்கவும் பிளக்கலாம். என் கன்னம் அதன்மேல்தான் இருந்தது.

ஆர்டன் துடைக்கும் கம்பியைக் குழலின் முன்வாயில் விட்டு மெல்லத் தள்ளினான். பின்வாயில் பிடித்திருந்த என் உள்ளங்கையில் இரண்டு குண்டுகள் வந்து விழுந்தன, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில் பதிந்து ஒட்டிக்கொண்டு.

வெண்டல் ஓடி வந்தார். பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். என் தோளைத் தட்டிவிட்டு, "ஆற அமர சுடு, நேரம் சேர்த்துத் தரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன். ஆர்டனும் உட்கார்ந்தான்.

"எண்ணிக்கிட்டா இருந்தே?" என்று கேட்டேன்.

"எப்பவும் எண்ணுவேன்."

"நாலு வருஷமாவா?"

"முப்பத்தஞ்சு வருஷமா. நீ சுடறப்ப வேற எங்கயோ போயிடுவே, வோனி. யாராவது ஒருத்தர் எண்ண வேண்டாமா?"

"அப்ப கப்பல்ல போன வருஷம் யார் எண்ணினாங்களாம்?"

அவன் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அந்த வருஷம் நீ போட்டிக்கே வரலன்னு வெண்டல் சொன்னார். அதனால நான் நாளை எண்ணினேன். எரநூத்தி எழுபத்தி நாலு."

துப்பாக்கியைத் துடைத்தேன், எழுந்தேன், மீதி நாலையும் சுட்டேன். இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்துநாலு. எப்படி என்று கேட்காதீர்கள். மொத்தம் இருநூற்று நாற்பத்தொன்று. டாரில் என்று ஒரு கிளப்காரன் என்னைவிட இரண்டு அதிகம் எடுத்து, ஜெயிக்கிறவருக்குப் போடும் ராஜா சங்கிலியை மூன்றாம் வருஷமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அந்தச் சங்கிலிக்காகப் போன வருஷம்வரை நான் தூங்காமல் இருந்திருக்கிறேன். இந்த வருஷம் கைதட்டிவிட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

ஆர்டன் எனக்கு முன்னாலேயே போய், என் வண்டியின் முன் இருக்கையில் காலுறையை வைத்துவிட்டு, தன் வண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தான். நான் காலுறையை எடுத்துப் போய் அவன் கையில் வைத்தேன்.

"என்னது இது?"

"அச்சு. எனக்கு வேண்டாம். எனக்குக் குண்டு வார்க்கத் தெரியாது."

என்னை மேலும் கீழும் பார்த்தான். மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைக் காட்டினான். "எனக்கே நீதானே சொல்லிக்குடுத்தே?"

"மறந்துபோச்சு."

"காலையில அவ்வளவு நேரம் சொன்னேனே?"

"அதுவும் மறந்துபோச்சு."

அவன் காலுறையைக் கையில் வைத்து எடை பார்த்தான். "சட்டியைக் குடுத்துட்டேன், வோனி."

"திரும்ப வாங்கு."

"எங்க வெச்சு வார்க்கறது? ரூமும் போச்சு. புகை போக விசிறி வேணும்."

"விசிறி அங்கயேதான் இருக்கு."

"கழட்டிட்டேன்னு சொன்னே?"

"பொய் சொன்னேன். உன் வேட்டைக் கோட்டை வெச்சு அடைச்சிருக்கேன். நாலு குளிர்காலமா."

"என் கோட்டா? அதை நான் எங்கயெல்லாம் தேடினேன்!"

"வந்து கேட்டிருக்கணும்."

"வராதேன்னு சொன்னியே."

அவன் குற்றம் சாட்டவில்லை. பெட்டிக்கடையில் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அதுதான் என்னை உடைத்தது. இந்த மனுஷன் நாலு வருஷமாக என்னுடைய ஒரு வார்த்தைக்குக் காவல் நின்றுகொண்டு, அதை நான் வந்து எடுத்துக்கொள்வேன் என்று காத்திருந்திருக்கிறான். நானோ அவன் அதை மீறி வருவான் என்று காத்திருந்தேன்.

"சொன்னேன்," என்றேன். "அது தப்பு. இன்னிக்கு நீ நிறுத்துன்னு சொன்னே, நான் ஏன்னு கேக்காம நிறுத்தினேன். இப்ப நான் சொல்றேன், நீ கேளு. போகாதே, ஆர்டன். வீட்டுக்கு வா."

அவன் யோசித்தான். ஒரு குண்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பானே, அந்த மாதிரி நிதானமாக.

"கீழ போறதுக்குப் பன்னெண்டு படி இருக்கு," என்றான்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"ஃபெர்ன்கிட்ட என்ன சொல்றது? எனக்காகப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கா."

"குண்டு வார்க்க ஆள் இல்லைன்னு சொல்லு."

அவன் தலையாட்டினான். காலுறையை என் கையில் திருப்பிக் கொடுத்து, "இதைப் பிடி, கீழ போட்டுடாதே," என்றான். பிறகு மைதானத்தைப் பார்த்து, "வெண்டல்! ஏ வெண்டல்! அந்தச் சட்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனான். முழங்கால் போய்விட்டது என்று சொன்ன மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.